விரலுக்கேற்ற வீக்கமா? – மினிவேன் வளர்ந்த கதை



சங்க மலருக்குக் கட்டுரை வேண்டும் என்றால் எல்லோரும் ஹாஸ்டல் நினைவுகளைத்தான் எழுதுவார்கள். மெஸ் சாம்பாரைப் பற்றி எனக்கு முன்னாலேயே நாலு பேர் எழுதி முடித்திருப்பார்கள். அதனால் நான் தொழில் பக்கமாக ஒதுங்கிக்கொள்கிறேன். ஒரு வண்டியின் சரித்திரத்தைச் சொல்லப் போகிறேன். மெக்கானிக்கல்காரர்கள் சமாசாரம் என்று நினைத்து மற்ற பிராஞ்சுக்காரர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். யாருக்கும் பொருந்துகிற கதைதான் இது.

நம் நண்பர்களில் பலர் அமெரிக்காவில் குடியிருக்கிறார்கள். இரண்டாவது குழந்தை பிறந்தாச்சு, ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் தங்க வருகிறார்கள் என்றால் அவர்கள் வீட்டு வாசலுக்குப் பெரும்பாலும் ஒரு வண்டி வந்து சேரும். ஹோண்டா ஒடிஸி, இல்லையென்றால் டொயோட்டா சியன்னா. மினிவேன் என்று அதற்குப் பெயர். அந்த 'மினி' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள்.

1984 மாடலாக வந்த முதல் டாட்ஜ் கேரவன் மினிவேனின் நீளம் 447 செ.மீ. அதே கம்பெனியின் வம்சத்தில் 2017 மாடலாக வந்த கிரைஸ்லர் பசிஃபிகாவின் நீளம் 517 செ.மீ. 33 வருஷத்தில் 70 செ.மீ. வளர்ச்சி. சராசரி போட்டால் வருஷத்துக்கு 2 செ.மீ.க்குக் கொஞ்சம் கூட. அகலமும் சுமார் 177-லிருந்து 202 செ.மீ. ஆகிவிட்டது. தரையில் அது அடைத்துக்கொள்கிற இடத்தைக் கணக்குப் பண்ணினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. பெயர் மட்டும் இன்னும் மினி!

இத்தனைக்கும் "வண்டியைப் பெரிசாக்குவோம்" என்று யாரும் ஒரு நாள் உட்கார்ந்து தீர்மானம் போடவில்லை. பின்னே எப்படி வளர்ந்தது? அதுதான் இந்தக் கட்டுரை.

பிறந்த கதை

எழுபதுகளில் அமெரிக்கக் குடும்பங்கள் வைத்திருந்தது ஸ்டேஷன் வேகன். காரின் பின்பக்கத்தை நீட்டி, மேலே கூரை போட்ட வண்டி. பெரிய வேகன்கள் ஐந்தரை மீட்டருக்கும் மேலே நீளம் இருந்தன. முன்னால் என்ஜினுக்கு ஒரு பெரிய பெட்டி, தரைக்கு அடியில் பின் சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்ட், அதற்காக நடுவில் ஒரு மேடு. இவ்வளவு நீளம் இருந்தும் உள்ளே இடம் அவ்வளவாகக் கிடையாது. இன்னொரு பக்கம், சரக்கு வேனில் சீட் போட்டு ஓட்டினார்கள். அதிலே இடம் உண்டு, ஆனால் லாரி மாதிரி ஏறி உட்கார வேண்டும், லாரி மாதிரியே குலுக்கும். ஜெர்மனியிலிருந்து 1950 முதல் தயாராகி வந்த வோக்ஸ்வாகன் பஸ் 428 செ.மீ.க்குள் ஒரு குடும்பத்தையே ஏற்றிக்கொண்டது. அதற்கு என்ஜின் பின்னால். சாமான் வைக்கிற இடத்தை என்ஜின் பிடித்துக்கொண்டுவிட்டது.

ஃபோர்டு கம்பெனியில் ஹால் ஸ்பெர்லிக் என்று ஒரு என்ஜினீயர். என்ஜினைக் குறுக்குவாட்டில் வைத்து முன் சக்கரத்தை ஓட்டினால் ஷாஃப்டே வேண்டாம், தரை தாழ்ந்து சமமாகிவிடும், சின்ன வண்டிக்குள்ளேயே பெரிய இடம் கிடைக்கும் என்பது அவருடைய கட்சி. 'மினி மேக்ஸ்' என்ற பெயரில் அங்கே ஒரு திட்டமே தயார் பண்ணினார்கள். முதலாளி இரண்டாம் ஹென்றி ஃபோர்டு சம்மதிக்கவில்லை. ஸ்பெர்லிக்கை வெளியே அனுப்பினார்கள். அவர் 1977-ல் கிரைஸ்லரில் போய்ச் சேர்ந்தார். ஃபோர்டின் தலைவராக இருந்த லீ அயகோக்காவையும் 1978 ஜூலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவரும் அதே வருஷம் நவம்பரில் கிரைஸ்லருக்கே வந்து சேர்ந்தார்.

அப்போது கிரைஸ்லர் திவாலாகிற நிலையில் இருந்தது. 1979-ல் மட்டும் நூறு கோடி டாலருக்கு மேல் நஷ்டம். 1980 ஜனவரியில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி 150 கோடி டாலர் வரையிலான கடனுக்கு அமெரிக்க அரசு ஜாமீன் நின்றது. ஜாமீன் கடனில் ஓடுகிற கம்பெனி புது வண்டிக்காகப் புதிதாக எல்லாவற்றையும் செய்ய முடியுமா? முடியாது. அதனால் ஏற்கெனவே இருந்த 'கே' காரின் என்ஜின், கியர் பாக்ஸ், இன்னும் எதையெல்லாம் எடுத்துக்கொள்ள முடியுமோ அதையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். 1983 நவம்பர் 2-ந் தேதி, டெட்ராய்ட்டுக்கு எதிர்க்கரையில் கனடாவின் விண்ட்சர் தொழிற்சாலையிலிருந்து முதல் மினிவேன் வெளியே வந்தது. டாட்ஜ் கேரவன், பிளிமவுத் வாயேஜர் என்று இரட்டைக் குழந்தைகள்.

முதல் வண்டியின் அழகு

பேக்கேஜிங் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பேக்கேஜிங் என்றால் அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டுவது அல்ல. என்ஜினுக்கு எவ்வளவு, டிரைவர் முழங்காலுக்கு எவ்வளவு, பெட்ரோல் டேங்குக்கு எவ்வளவு என்று வண்டிக்குள் இருக்கிற இடத்தைப் பங்கு பிரிக்கிற வேலை. குடும்பப் பாகப்பிரிவினை மாதிரிதான். யாருக்கும் திருப்தி இருக்காது! அந்தக் கண்ணோடு பார்த்தால் 1984 கேரவன் ஒரு அற்புதம்.

வீட்டுக் காரேஜுக்குள் சாதாரணக் கார் மாதிரி நுழைய வேண்டும் என்பது முதல் நிபந்தனை. அதனால் உயரம் சுமார் 163 செ.மீ.யோடு நிறுத்தப்பட்டது. புடவை கட்டியவர்களும் குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவர்களும் சிரமமில்லாமல் ஏறுகிற மாதிரி தரை தாழ்வு. நடைபாதைப் பக்கம், அதாவது வலது பக்கம் மட்டும், ஒரு தள்ளுக் கதவு. பக்கத்து வண்டியில் இடிக்காமல் திறக்கலாம். அடிப்படை மாடலில் 5 சீட். கேட்டு வாங்கினால் 7. பின் சீட்டுகளைக் கழற்றி வைத்துவிட்டால் 4 அடிக்கு 8 அடி பிளைவுட் பலகையைப் படுக்கப் போடலாம். அமெரிக்காவில் வீட்டு ரிப்பேரை வீட்டுக்காரரே செய்துகொள்வார். ஆகவே பிளைவுட் பலகை அங்கே ஒரு அளவுகோல். இத்தனையும் அன்றைய பெரிய வேகனைவிட ஒரு மீட்டருக்கு மேல் குட்டையான வண்டியில்! எடை சுமார் 1,350 கிலோ. என்ஜின் 2.2 லிட்டர், சக்தி சுமார் 100 குதிரை. ஏற்றத்தில் மூச்சு வாங்கத்தான் செய்யும். ஆனாலும் ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். முதல் வருஷமே 2 லட்சத்துக்கு மேல் விற்றது.

கையில் காசில்லை, காரேஜைத் தாண்டக் கூடாது, கே காரின் பாகங்களை விட்டு விலகக் கூடாது. இப்படி மூன்று பக்கமும் வேலி. அந்த வேலிக்குள் யோசித்ததால்தான் இவ்வளவு கச்சிதமாக ஒரு வண்டி வந்தது என்பது என் அபிப்பிராயம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்ப வருவோம்.

ஒரு சாண், ஒரு முழம்

முதல் புகார் நியாயமானது. ஏழு பேர் உட்கார்ந்தால் பெட்டி வைக்க இடமில்லை. மூன்றாவது சீட்டுக்குப் பின்னால் ஒரு மளிகைப் பைக்குத்தான் இடம். சரி என்று 1987-ல் சக்கரங்களுக்கு இடையே 18 செ.மீ.யும் மொத்தத்தில் 37 செ.மீ.யும் நீட்டி 'கிராண்ட் கேரவன்' என்று ஒரு அண்ணனைக் கொண்டுவந்தார்கள். கனம் கூடினால் 100 குதிரை போதுமா? அதே வருஷம் மிட்சுபிஷியின் 3 லிட்டர் வி-6 என்ஜினும் வந்தது. தம்பியும் விற்பனையில் இருந்தான். வேண்டியவர்கள் வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம்.

அதற்குப் பின் நடந்ததைப் பட்டியலாகவே தருகிறேன். நீள மாடலின் வளர்ச்சி இது:

1987 கிராண்ட் கேரவன் – 484 செ.மீ.
1991 கிராண்ட் கேரவன் – 490 செ.மீ.
1996 கிராண்ட் கேரவன் – 507 செ.மீ.
2001 கிராண்ட் கேரவன் – 509 செ.மீ.
2008 கிராண்ட் கேரவன் – 514 செ.மீ.
2017 பசிஃபிகா – 517 செ.மீ.

இதிலே பெரிய தாவல் 1996-ல். அந்த மாடலில்தான் டிரைவர் பக்கமும் ஒரு தள்ளுக் கதவு வந்தது. இரண்டு பக்கமும் குழந்தையை ஏற்றலாம். வாங்குபவர்களுக்கு இது எவ்வளவு பிடித்தது என்பதற்கு ஃபோர்டு பட்ட பாடே சாட்சி. 1994-ல் விற்பனைக்கு வந்த அவர்களுடைய விண்ட்ஸ்டாரில் அந்த இடது கதவு இல்லை. அவசரத்துக்கு 1998 மாடலில் டிரைவர் கதவையே நீளமாக்கிப் பார்த்தார்கள். 1999-ல்தான் முறையான இடது தள்ளுக் கதவு வைக்க முடிந்தது. கதவு வந்தால் தண்டவாளம் வரும், அதைத் தாங்கச் சட்டம் வரும், சட்டம் வந்தால் அகலமும் எடையும் வரும்.

குட்டை மாடலின் கணக்கு இன்னும் சுவாரசியம். 1984-ல் 447 செ.மீ. 1991-ல் 452. 1996-ல் ஒரே தாவலாக 473. 2001-ல் 480. அதாவது 1987-ல் 'கிராண்ட்' என்று பட்டம் கட்டின அண்ணனின் பழைய சட்டை, 2001-ல் தம்பிக்குச் சரியாகிப் போச்சு. 2008 மாடலில் தம்பியையே நிறுத்திவிட்டார்கள். நீளமானதுதான் அதிகம் விற்கிறது என்றான பிறகு இரண்டு நீளம் எதற்கு? கிராண்ட் என்றால் பெரியது என்று அர்த்தம். சின்னதே இல்லாத வீட்டில் எதை வைத்துப் பெரியது?

ஜப்பான்காரர்கள் படித்த பாடம்

"அமெரிக்கக் கம்பெனிகள்தான் இப்படி, ஜப்பான்காரர்கள் சிக்கனமானவர்கள்" என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. டொயோட்டா 1991 மாடலாக அமெரிக்காவுக்கு அனுப்பிய பிரீவியா ஒரு என்ஜினீயரின் கனவு. என்ஜினைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்து முன் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். ஆனால் அந்தக் குழிக்குள் பெரிய வி-6 என்ஜின் நுழையாது. போட்டியாளர்களோ வி-6-ல் ஓடிக்கொண்டிருந்தார்கள். 1998 மாடலில் அமெரிக்காவில் பிரீவியாவின் இடத்துக்குக் கேம்ரி காரின் அடித்தளத்தில் செய்த சியன்னா வந்தது. வி-6 என்ஜின், நீளம் 491 செ.மீ. 2004-ல் வந்த அடுத்த சியன்னா 508. 2021-ல் 517.

ஹோண்டாவின் கதை இன்னும் தெளிவு. 1994-ல் ஜப்பானில் வெளிவந்த முதல் ஒடிஸியை, அக்கார்டு கார் ஓடும் அதே தொழிற்சாலை வரிசையிலேயே செய்தாக வேண்டும். அதற்கு மேல் உயரம் போக முடியாது. அதனால் வண்டி தாழ்வாக, காரைப் போலவே நாலு சாதாரணக் கதவுகளோடு இருந்தது. மூன்றாவது சீட் அழகாகத் தரைக்குள் மடங்கும். ஜப்பானில் சக்கைப் போடு போட்டது, அமெரிக்காவில் எடுபடவில்லை. உடனே ஹோண்டா அமெரிக்காவுக்கென்றே தனி ஒடிஸி செய்தது. 1999 மாடல், கனடாவின் அலிஸ்டனில் தயாரிப்பு, இரண்டு தள்ளுக் கதவு, 210 குதிரை, 511 செ.மீ. நீளம். அமோகமாக விற்றது. ஜப்பானில் விற்ற ஒடிஸிகள் அதற்கப்புறமும் 5 மீட்டரைத் தாண்டவில்லை. ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஆனால் இரண்டு உடம்பு. வண்டியின் அளவை என்ஜினீயர் மட்டும் நிர்ணயிப்பதில்லை. அது ஓடுகிற ஊரும் நிர்ணயிக்கிறது.

வளர்த்தது யார்?

முதல் காரணம், கேள்வி கேட்கிற முறை. புது மாடல் தொடங்கும் முன் கம்பெனி யாரைக் கேட்கும்? ஏற்கெனவே அந்த வண்டியை வைத்திருப்பவரை. அவர் குழந்தைகள் இதற்குள் வளர்ந்திருக்கும். ஸ்ட்ரோலர் போய் சைக்கிளும் கால்பந்துப் பையும் வந்திருக்கும். "இன்னும் கொஞ்சம் இடம் இருந்தால் தேவலை" என்பார். "எனக்குக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள்" என்று எந்த வாடிக்கையாளராவது சொல்வாரா? வண்டியைச் சின்னதாக விரும்பியவர் முதலிலேயே வேறு கடைக்குப் போயிருப்பார். அவரை யாரும் கேட்பதில்லை.

இரண்டாவது, குழந்தை சீட். 1978-ல் டென்னசி மாநிலம், சிறு குழந்தையைக் காரில் அதற்குரிய சீட்டில் உட்கார வைக்க வேண்டும் என்று சட்டத்தை அமல்படுத்தியது. 1985-க்குள் எல்லா மாநிலங்களும் ஏதாவது ஒரு வகையில் அதைப் பின்பற்றின. ரொம்ப நல்ல சட்டம். எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால் பேக்கேஜிங்காரனுக்கு அது ஒரு அங்குலக் கணக்கு. முன்பெல்லாம் அம்மா மடியில் ஒன்று, ஓரத்தில் ஒன்று, நடுவில் இரண்டு என்று பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்த பெஞ்சு சீட்டில் இப்போது பெரிய பிளாஸ்டிக் சிம்மாசனம் ஒவ்வொன்றும் ஒரு முழு ஆள் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

மூன்றாவது, பாதுகாப்பு. பக்கவாட்டில் மோதினால் தாங்கக் கதவுக்குள் இரும்பு, திரைச்சீலை ஏர்பேக், முன்னால் நசுங்குவதற்கென்றே விட்ட இடம். ஒவ்வொன்றும் சில செ.மீ., சில கிலோ. எடை கூடினால் என்ஜின் பெருக்க வேண்டும், என்ஜின் பெருத்தால் பிரேக் பெருக்க வேண்டும், பிரேக் பெருத்தால் சக்கரம், சக்கரம் பெருத்தால் அதற்கு இடம். ஒரு சுற்று வந்து மறுபடி எடையில் நிற்கும். 2017 பசிஃபிகாவின் எடை சுமார் 1,960 கிலோ. சக்தி 287 குதிரை.

நான்காவது, சட்டத்தின் ஒரு ஜன்னல். 1975-ல் வந்த எரிபொருள் சிக்கனச் சட்டம், கார் வேறு, இலகு ரக லாரி வேறு என்று இரண்டாகப் பிரித்தது. பின் சீட்டுகளைக் கழற்றினால் சமதளச் சரக்குத் தரை கிடைக்கும் என்பதால் மினிவேன் லாரிக் கணக்கில் சேர்ந்தது. தொண்ணூறுகளின் பிற்பாதியில் ஒரு கம்பெனியின் கார்கள் சராசரியாக லிட்டருக்கு 11.7 கி.மீ. கொடுக்க வேண்டும், லாரி வகை 8.8 கொடுத்தால் போதும். 2011 மாடல் முதல் வந்த விதியோ சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பைப் பார்த்து இலக்கு வைக்கிறது. பரப்பு பெரிசானால் இலக்கு இளகும். சின்னதாகச் செய்பவனுக்குத் தனிப் பரிசு கிடையாது.

இந்த நாலில் எதையாவது அநியாயம் என்று சொல்ல முடியுமா? முடியாது. அதுதான் விஷயமே. ஒவ்வொன்றும் நியாயம், கூட்டிப் பார்த்தால் 70 செ.மீ.

குடும்பம் சுருங்குது, வண்டி பெருக்குது

குடும்பம் பெரிசாச்சு, அதனால் வண்டியும் பெரிசாச்சு என்றால் விரலுக்கேற்ற வீக்கம் என்று விட்டுவிடலாம். நடந்தது தலைகீழ். அமெரிக்காவில் ஒரு வீட்டில் சராசரியாக இருந்தவர்கள் 1960-ல் 3.33 பேர். 1980-ல் 2.76. 2000-ல் 2.62. வேகன் காலத்தைவிடச் சின்னக் குடும்பம், முதல் மினிவேனைவிடப் பெரிய வண்டி.

ஏழாவது சீட் வருஷத்தில் எத்தனை நாள் நிரம்பும்? விமான நிலையத்துக்குப் போகிற அன்று, கோயிலுக்குப் போகிற அன்று, நயாகரா பார்க்கப் போகிற அன்று. மற்ற நாளெல்லாம் ஒருவர் ஓட்ட, ஒரு பிள்ளை பின்னால் உட்கார்ந்திருக்க, வண்டி பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் போய் வருகிறது. எலக்ட்ரிக்கல்காரர்கள் இதைப் பீக் லோடு என்பார்கள். கல்யாணத்துக்கு வாங்கின அண்டாவில் தினமும் நாலு பேருக்கு ரசம் வைக்கிற கணக்குதான். ரசம் வரும்; விறகு வீண்.

விறகு மட்டும் போனால் பரவாயில்லை. பெரிய வண்டியின் பின்னால் நிற்கிற சின்ன உருவம் கண்ணாடியில் தெரியாது. அமெரிக்காவில் பின்னோக்கி எடுக்கிற வண்டிகளில் அடிபட்டு வருஷத்துக்குச் சராசரி 210 பேர் இறக்கிறார்கள் என்று, பின்புறக் காமெரா விதியை 2014-ல் வெளியிட்டபோது அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை கணக்குச் சொன்னது. இது எல்லா வகைச் சிறு வாகனங்களுக்கும் சேர்த்த கணக்கு. அதில் 31 சதவீதம் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள். 26 சதவீதம் 70 வயதுக்கு மேற்பட்டவர்கள். யாருக்காக வண்டி வாங்கினோமோ அவர்களேதான். பேரக்குழந்தையும் தாத்தா பாட்டியும். தந்தை பின்னோக்கி எடுத்த எஸ்.யு.வி.யில் அடிபட்டு 2002-ல் இறந்த 2 வயதுக் குழந்தை ஒன்றின் பெயரிலேயே 2008-ல் சட்டம் வந்தது. அது நடைமுறையாகி, எல்லாப் புது வண்டிகளிலும் பின்புறக் காமெரா கட்டாயமானது 2018 மே மாதத்தில்தான். சட்டத்துக்கும் காமெராவுக்கும் நடுவே 10 வருஷம். டிசைன் மேஜையில் நாம் சேர்க்கிற செ.மீ.க்கு வெளியே ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பது பெரும்பாலும் வண்டிக்கு வெளியே நிற்பவர்.

காலியான இடம்

447 செ.மீ.யில் இருந்தவர் 517-க்குப் போய்விட்டால் பழைய இடம் காலி. அதில் வேறு யாராவது வந்தார்களா? மாஸ்டா வந்தது. 2006 மாடலாக வந்த மாஸ்டா-5 வண்டிக்கு நீளம் 461 செ.மீ., இரண்டு தள்ளுக் கதவு, 6 சீட். முதல் கேரவனின் மறுபிறவி என்றே சொல்லலாம். அமெரிக்காவில் பெரிதாக விற்கவில்லை. 2015 மாடலோடு அங்கே நிறுத்திவிட்டார்கள். ஆகவே பழியைக் கம்பெனிகள் மேல் மட்டும் போட முடியாது. பெரிசு பழகிய கண்ணுக்குச் சின்னது பிடிக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு வளர்ந்தும் மினிவேனுக்கு மவுசு நிலைக்கவில்லை. 2000-ல் அமெரிக்காவில் 13 லட்சத்துக்கு மேல் விற்றதுதான் உச்சம், பிறகு இறங்குமுகம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 2010-க்குள் அங்கே குடும்ப மினிவேன் தயாரிப்பை விட்டே விலகினார்கள். வாங்குகிறவர்கள் இறங்கி வரவில்லை. இன்னும் உயரமான, உள்ளே இடம் குறைவான எஸ்.யு.வி.க்கு ஏறிப் போனார்கள். 2021 ஷெவர்லே சபர்பனின் நீளம் 573 செ.மீ. ஸ்பெர்லிக் எந்த வேகனுக்கு மாற்று தேடினாரோ, கிட்டத்தட்ட அதே நீளத்துக்கு ஊர் சுற்றி வந்து சேர்ந்தாச்சு. இது தெரிந்தால் 517 செ.மீ. மினிவேன் பாவம், சாது.

வேலியின் பயன்

வேலி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் 'கே' வகைக் கார்கள் உதாரணம். இது கிரைஸ்லரின் கே காருக்கு உறவில்லாத வேறு சாதி. 1998 முதல் நடப்பில் உள்ள விதிப்படி நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், உயரம் 2 மீட்டர், என்ஜின் 660 சி.சி. ஒரு மில்லிமீட்டர் தாண்டினாலும் சலுகை போச்சு. வெளியே வளர வழியில்லாததால் என்ஜினீயர்கள் உள்ளே வளர்ந்தார்கள். 2011-ல் வந்த ஹோண்டா என்-பாக்ஸில் பெட்ரோல் டேங்கை முன் சீட்டுக்கு அடியில் கொண்டுபோய்ப் பின் தரையைத் தாழ்த்தினார்கள். நாலு பேர் உட்காரலாம். பின் சீட்டை மடக்கினால் சைக்கிளை நிற்க வைத்தே ஏற்றலாம். இரண்டு பக்கமும் தள்ளுக் கதவு. ஜப்பானில் பல வருஷம் விற்பனையில் முதலிடம்.

வேலியை ஏமாற்றுகிறவர்களும் உண்டு. நம் நாட்டில் 2006 பட்ஜெட்டில் 4 மீட்டருக்குட்பட்ட சிறிய கார்களுக்கு எக்ஸைஸ் வரியைக் குறைத்தார்கள். அதற்கப்புறம் டிக்கியை வெட்டி 4 மீட்டருக்குள் அடக்கின செடான்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்க அழகா என்றால் அது வேறு விஷயம். ஆனாலும் அந்தக் கோடு நின்றது. அதற்குள் வண்டிகளும் நின்றன.

இதிலிருந்து என்ன தெரிகிறது? பொருள் தானாகவே வளரும்; நிறுத்துவதற்குத்தான் ஆள் வேண்டும். இது வண்டிக்கு மட்டுமா? சாஃப்ட்வேர் நண்பர்களைக் கேளுங்கள். ஒவ்வொரு வெர்ஷனிலும் ஒரு பட்டன் கூடும், எந்தப் பட்டனும் குறையாது. சிவில் நண்பர்களைக் கேளுங்கள். பிளான் போடும்போது பூஜை அறை, கிரஹப்பிரவேசத்துக்குள் பூஜை ஹால். மீட்டிங்கில் "ஒரு 5 மில்லிமீட்டர்தானே சார்" என்று கேட்பவரிடம் நியாயம் இருக்கும். அடுத்து கேட்பவரிடமும் இருக்கும். மொத்தக் கணக்கை வைத்துக்கொண்டு "இந்த வண்டி முதலில் எதற்காகப் பிறந்தது?" என்று கேட்க ஒருவர் அந்த மேஜையில் இல்லையென்றால், 33 வருஷத்தில் 70 செ.மீ. யாருடைய கையெழுத்தும் இல்லாமலே சேர்ந்துவிடும்.

கம்பெனி கடனில் இருந்தபோது அந்தக் கேள்வியைக் கஜானா கேட்டது. பணம் வந்த பிறகு கேட்க ஆளில்லை. இந்த மலரைப் படிக்கிற நம்மில் பலர் இன்று அப்படிப்பட்ட மேஜைகளில் உட்கார்ந்திருக்கிறோம். சிலர் அதன் தலைமாட்டிலேயே இருக்கிறார்கள். அடுத்த டிராயிங் கையெழுத்துக்கு வரும்போது, எதைச் சேர்த்தோம் என்பதோடு எதைச் சேர்க்காமல் விட்டோம் என்பதையும் ஒரு வரி எழுதி வைப்போம். பின்னால் வருகிற ஜூனியர்களுக்கு அதுவும் ஒரு பாடமாக இருக்கும்.